சாப்பாட்டு இளவரசர் குர்னோன்ஸ்கியும் அவர் கண்ட சபையும்

பிரெஞ்சு மொழிக்கென்று ஒரு சபை உண்டு. 1635இல் கார்டினல் ரிஷெல்யூ ஏற்படுத்தியது. அதில் 40 நாற்காலிகள். ஒருவர் மறைந்தால்தான் இன்னொருவர் உள்ளே வர முடியும். வருகிறவர் தனக்கு முன்பு அந்த இடத்தில் இருந்தவரைப் போற்றிப் பேசிவிட்டு அமர வேண்டும். மொழிக்கு அகராதி தொகுப்பது அந்தச் சபையின் தலையாய வேலை.

1928இல் பாரிஸில் இன்னொரு சபை பிறந்தது. அதற்கும் 40 இடங்கள், அதே நடைமுறைகள். ஆனால் அங்கே பேசுபொருள் சாப்பாடு. 'அகாதெமி தே கஸ்த்ரோநோம்' என்று பெயர். உணவைச் சுவைத்து, ஆராய்ந்து, எழுதுகிறவர்களின் கழகம். முதலில் கேட்டவர்கள் இதை ஒரு நல்ல கேலி என்றே எடுத்துக்கொண்டார்கள். அதில் கேலி இருந்தது உண்மைதான். சபையை முன்னின்று நிறுவியவர் பல ஆண்டுகளாக நகைச்சுவை எழுதிப் பிழைத்தவர். மோரீஸ் எத்மோன் சயான் என்பது அவருடைய இயற்பெயர். உலகம் அறிந்த பெயர் குர்னோன்ஸ்கி.

சமையலைத் தொழிலாகக் கொண்டவர்களும் அதைப் படிக்கிறவர்களும் கையில் எடுக்கப்போகும் மலர் இது. இதில் அவருடைய வரலாறு இடம்பெறுவது மிகவும் பொருத்தம். விளையாட்டாகத் தொடங்கிய ஒன்றை நிறுவனமாக ஊன்றி நிறுத்தியவர் அவர். அடுப்படியில் நிற்கிறவர்களின் பெயரை அச்சில் ஏற்றியவரும் அவர்தான்.

ஆன்ஜேயிலிருந்து பாரிஸுக்கு

பிரான்ஸின் மேற்கே, லுவார் ஆற்றுப் பக்கம், ஆன்ஜே என்ற ஊரில் 1872 அக்டோபர் 12 அன்று பிறந்தார். பிறந்த சில நாட்களிலேயே தாய் இறந்துவிட்டார். தந்தை விட்டுவிட்டுப் போய்விட, பாட்டிதான் வளர்த்தார். பாட்டி வீட்டில் சமைத்தவர் மாரி ஷெவாலியே என்ற பெண்மணி. அவர் சமைத்த, ஆன்ஜூ என்ற அந்த வட்டாரத்து வீட்டுச் சாப்பாட்டை குர்னோன்ஸ்கி கடைசிவரை மறக்கவில்லை. பிற்காலத்தில் பெரிய ஓட்டல்களின் அலங்காரத் தட்டுகளை அவர் எடைபோட்டதெல்லாம் அந்த வீட்டுச் சமையலை அளவுகோலாக வைத்துத்தான் என்பது என் எண்ணம்.

அந்த வட்டாரத்துக்கே உரிய வெண்ணெய்ச் சாறு ஒன்று உண்டு. பெயர் 'பேர் பிளான்'. சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, வினிகரும் வெள்ளைத் திராட்சை மதுவும் ஊற்றி, ஈரம் கிட்டத்தட்ட வற்றும்வரை சுண்டவிட வேண்டும். பிறகு அடுப்பை நன்றாகத் தணித்துவிட்டு, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டுக் கைவிடாமல் அடிக்க வேண்டும். வெண்ணெய் உருகி எண்ணெயாகப் பிரியவும் கூடாது, கட்டியாகவே நிற்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவே பாலாடை போலத் திரண்டு வர வேண்டும். சூடு கொஞ்சம் ஏறினாலும் திரிந்துவிடும். லுவார் ஆற்று மீனை வேகவைத்து அதன் மேல் இதை ஊற்றிப் பரிமாறுவார்கள். விலை உயர்ந்த பொருள் எதுவும் இதில் இல்லை. கைப்பக்குவம் இல்லாதவருக்கு இது வராது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட சமையல் மண்ணிலிருந்து வந்தவர் எதைப் பெரிதாக மதித்திருப்பார் என்பதைத் தொழில் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

படிப்புக்காகப் பாரிஸ் வந்தார். வந்தவரைப் பத்திரிகை உலகம் இழுத்துக்கொண்டது. அப்போது பிரான்ஸும் ரஷ்யாவும் கைகோத்திருந்த காலம். பாரிஸில் எங்கு பார்த்தாலும் ரஷ்ய மோகம். இளைஞரான சயான் தனக்குப் புனைபெயர் ஒன்று தேடியபோது, அன்றைய புகழ்பெற்ற நகைச்சுவை எழுத்தாளர் அல்ஃபோன்ஸ் அலே, "ஸ்கி என்று ஏன் முடியக் கூடாது?" என்ற பொருளில் சொன்னாராம். 'ஏன் கூடாது' என்பதற்கு லத்தீனில் உள்ள இரண்டு சொற்களோடு ஒரு 'ஸ்கி'யை ஒட்டினார். குர்னோன்ஸ்கி பிறந்துவிட்டார். ஒரு நாள் பேச்சில் பிறந்த பெயர் அறுபது ஆண்டுகள் உடன் வந்தது. ரஷ்யர் என்று நினைத்துக்கொண்டவர்களும் உண்டு.

பிறர் பெயரில் எழுதிய காலம்

அவருடைய எழுத்துப் பயிற்சி நடந்த இடம் விசித்திரமானது. வில்லி என்ற பெயரில் நாவல்களும் கட்டுரைகளும் வெளியிட்டுக்கொண்டிருந்த ஆன்றி கோத்தியே-வில்லார் தன்னைச் சுற்றி இளம் எழுத்தாளர்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவர்கள் எழுதுவார்கள், அவர் பெயரில் புத்தகம் வரும். அவருடைய மனைவி கொலேத் எழுதிய முதல் நாவலே 1900இல் கணவர் பெயரில்தான் வெளிவந்தது. குர்னோன்ஸ்கியும் அந்தப் பட்டறையில் உழைத்தவர். கவிஞர் பால்-ஜான் தூலேயும் அங்கே இருந்தார். இருவரும் இணைபிரியாத நண்பர்கள் ஆனார்கள். சேர்ந்து எழுதினார்கள். 1902இன் இறுதியில் ஹனோய் கண்காட்சியையொட்டி இந்தோசீனாவரை சேர்ந்தே பயணம் போய்வந்தார்கள்.

பெயர் இல்லாமல் எழுதுவது எழுத்தாளனை நசுக்கிவிடும் என்று பொதுவாகச் சொல்வோம். குர்னோன்ஸ்கிக்கு அது வேறு விதமாக உதவியது. எந்தக் குரலிலும் பேசும் லாவகம் அவருக்கு அங்கேதான் கைவந்தது. அந்த லாவகத்தை விலைக்கு வாங்க ஒரு டயர் கம்பெனி வந்தது.

மிஷெலன் சகோதரர்கள் 1900இல் தங்கள் சிவப்பு அட்டை வழிகாட்டியை இலவசமாக வெளியிட்டபோது பிரான்ஸ் முழுவதும் சில ஆயிரம் மோட்டார் வண்டிகளே ஓடின. முதல் பதிப்பில் 35,000 பிரதிகள் அச்சிட்டார்கள். வண்டிகளைவிடப் புத்தகங்கள் அதிகம். கணக்கு எளிமையானது. மக்கள் ஊர் ஊராகப் போனால் டயர் தேயும், தேய்ந்தால் புது டயர் விற்கும். ஆகவே போகத் தூண்ட வேண்டும். 'லெ ஜுர்னால்' என்ற நாளேட்டில் திங்கட்கிழமைதோறும் மிஷெலன் பத்தி ஒன்று 1907இல் தொடங்கியது. அதை எழுதும் பொறுப்பு குர்னோன்ஸ்கியிடம் வந்தது. டயர்களை அடுக்கிச் செய்த மனிதனாகிய பிபெண்டம் 1898ஆம் ஆண்டு விளம்பர ஓவியம் ஒன்றில் ஏற்கெனவே பிறந்திருந்தான். அவனுக்குப் பேச்சு கொடுத்தவர்களில் குர்னோன்ஸ்கி முக்கியமானவர். சாலை, பயணம், பஞ்சர், ஊர், விடுதி எல்லாவற்றையும் பற்றி அந்த உருண்டை மனிதன் வாரம்தோறும் கலகலப்பாகப் பேசினான்.

இதை விளம்பர வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. விளம்பரம்தான். ஆனால் அந்த வேலை அவரைச் சாலையில் இறக்கியது. பாரிஸ் எழுத்தாளர்கள் பாரிஸைத் தாண்டி யோசிக்காத காலத்தில் மாகாணச் சாலைகளையும் அங்கிருந்த சத்திரங்களையும் அவர் தெரிந்துகொண்டார். அடுத்து அவர் செய்த பெரிய காரியத்துக்கு விதை இங்கே விழுந்தது.

28 தொகுதிகள்

பிரெஞ்சு உணவு எழுத்துக்கு அவருக்கு முன்பே நூறாண்டு வரலாறு உண்டு. 1803 முதல் 1812 வரை கிரிமோ தெ லா ரேனியேர் என்பவர் சாப்பாட்டுப் பிரியர்களுக்கான ஆண்டு மலர் வெளியிட்டார். கடைக்காரர்கள் தங்கள் பண்டங்களை அவர் வீட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே ஒரு குழு கூடி, சுவைத்துத் தீர்ப்புச் சொல்லும். உணவு விமரிசனம் என்ற தொழிலே அங்குதான் தொடங்கியது. 1825இல் பிரியா-சவாரனின் சுவை பற்றிய பெரும் நூல் வந்தது. இருவருமே நகைச்சுவை உணர்வு மிகுந்தவர்கள். குர்னோன்ஸ்கி அந்த வழியில் வந்தவர்தான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருந்தது. கிரிமோவிடம் பண்டம் தேடி வந்தது. குர்னோன்ஸ்கி பண்டத்தைத் தேடிப் போனார்.

முதல் உலகப் போர் முடிந்த கையோடு, ஜெனீவாவில் பிறந்த எழுத்தாளர் மார்செல் ரூஃபுடன் சேர்ந்து மாகாணம் மாகாணமாகக் கிளம்பினார். 1921இல் பெரிகோர் வட்டாரத்தைப் பற்றிய முதல் தொகுதி வந்தது. 'சாப்பாட்டு பிரான்ஸ்' என்று தமிழில் சொல்லத்தக்க அந்த வரிசை 1928 வரை நீண்டு 28 தொகுதிகளாக நின்றது. ஆன்ஜூ, நார்மண்டி, பிரெத்தாஞ் என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனிப் புத்தகம். அந்த மண்ணின் பண்டங்கள், அவற்றின் செய்முறை, குடிக்கத் தகுந்த மது, நல்ல சாப்பாடு கிடைக்கும் சத்திரம், அதை நடத்துகிறவர் பெயர் என எல்லாம் அதில் இருக்கும்.

இதன் எடை இன்று நமக்குச் சட்டென்று புரியாது. அன்று பிரெஞ்சுச் சமையல் என்றால் பெரிய ஓட்டல் சமையல்தான். எஸ்கோஃபியே 1903இல் தம் கையேட்டில் ஒழுங்குபடுத்தித் தந்த அந்தச் சமையலே லண்டன் முதல் பாரிஸ் வரை ஆடம்பர ஓட்டல்களில் ஆட்சி செய்தது. கிராமத்துச் சட்டியில் கொதிப்பது சமையலாகவே எண்ணப்படவில்லை. ஒரு வட்டாரத்துப் பெண்மணி தன் பாட்டியிடம் கற்றுச் செய்யும் பண்டமும் ஒரு தேசத்தின் செல்வம் என்று குர்னோன்ஸ்கியும் ரூஃபும் எழுதிக் காட்டினார்கள். கத்தி முழங்காமல், சிரித்த முகத்தோடு எழுதினார்கள். அதனால்தான் மக்கள் படித்தார்கள். படித்தவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். சாப்பாட்டுக்காகவே ஊர் சுற்றும் இந்தப் புதுக் கூட்டத்துக்கு 'கஸ்த்ரோநோமாத்' என்று ஒரு பெயரும் இட்டார்கள்.

லாமோத்-பெவ்ரோன் என்ற சிற்றூரின் ரயில் நிலையத்துக்கு எதிரே தாத்தான் சகோதரிகள் இருவர் விடுதி நடத்தினார்கள். வாணலியில் வெண்ணெயும் சர்க்கரையும் போட்டு ஆப்பிள் துண்டுகளை நெருக்கி அடுக்கி, மேலே மாவுத் தகட்டை மூடிச் சுட்டு, வெந்ததும் தலைகீழாகக் கவிழ்த்துப் பரிமாறும் பழம்பண்டம் அந்த வட்டாரத்தில் இருந்தது. அதைப் பாரிஸ் வாசகர்களுக்கு அந்தச் சகோதரிகளின் பெயராலேயே அறிமுகப்படுத்தியவர் குர்னோன்ஸ்கி. அவசரத்தில் தப்பாகச் செய்ததால் தற்செயலாகப் பிறந்தது என்ற கதையும் கூடவே பரவியது. அந்தக் கதையை அவரும் நண்பர்களும் சேர்ந்து வேடிக்கையாகக் கட்டியது என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. கதை எப்படியோ போகட்டும். உலகம் முழுவதும் இன்று அந்தப் பண்டம் தாத்தான் என்ற பெயரில்தான் விற்கிறது. ஊர் ஓரத்தில் அடுப்பூதிய இரு பெண்களின் குடும்பப் பெயர் அது.

ரூஃபைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1924இல் அவர் எழுதிய நாவலின் நாயகன் தொதான்-பூஃபான் என்ற கற்பனைச் சாப்பாட்டு ரசிகர். ஓர் இளவரசர் அவரை அழைத்து, முடிவே இல்லாமல் நீளும் ஆடம்பர விருந்து ஒன்றை வைக்கிறார். பதில் விருந்துக்கு இளவரசரைத் தன் வீட்டுக்கு அழைக்கும் தொதான், இறைச்சியும் காய்களும் ஒன்றாக வெந்த சாதாரணக் குடியானவர் வீட்டுச் சட்டிக் குழம்பைப் பரிமாறச் செய்கிறார். அந்த 28 தொகுதிகளும் வாதாடிச் சொன்னதை இந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. இந்த நாவலை அடிப்படையாக வைத்து வியட்நாமில் பிறந்த இயக்குநர் டிரான் ஆன் ஹுங் எடுத்த படத்துக்கு 2023 கான் விழாவில் சிறந்த இயக்குநர் பரிசு கிடைத்தது.

இளவரசர் பட்டமும் சபையும்

பிரெஞ்சு எழுத்துலகில் கவிஞர்களுக்கு இளவரசர், கதைசொல்லிகளுக்கு இளவரசர் என்று வாக்கெடுத்துப் பட்டம் சூட்டும் வழக்கம் இருந்தது. பால் ஃபோர் 1912இல் கவிஞர்களின் இளவரசரானார். 1927இல் சாப்பாட்டு உலகத்துக்கும் அப்படியொரு தேர்தல் நடந்தது. சமையல் கலைஞர்களும் உணவுத் தொழிலில் இருந்தவர்களும் சுவைஞர்களுமாகச் சுமார் 3,000 பேர் வாக்களித்தார்கள். பாதிக்கு மேல் குர்னோன்ஸ்கிக்கு விழுந்தது. அந்தப் பட்டத்தைச் சாகும்வரை யாரும் அவரிடமிருந்து வாங்கவில்லை.

மறு ஆண்டு சபை பிறந்தது. 40 இடங்கள், ஒவ்வொரு நாற்காலிக்கும் மறைந்த பெரியவர் ஒருவரின் பெயர். ரூஃப் தோள் கொடுத்தார். எழுத்தாளர்களும் தொழில் வல்லுநர்களும் ஒரே மேசையில் அமர்ந்து, உணவைப் படிப்புக்குரிய பொருளாகப் பேசினார்கள். மூத்த சபையைப் போல இவர்களும் அகராதி ஒன்று தொகுப்பது என்று வைத்துக்கொண்டார்கள். 1962இல் அது இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. ஒரு கேலி உருவம் அகராதி போடும் அளவுக்கு வளர்ந்ததை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உணவைப் பற்றி நேரடியாக "இது அறிவுத்துறை" என்று வாதாடியிருந்தால் அன்றைய பாரிஸ் பண்டிதர்கள் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். மூத்த சபையின் உடையை மாட்டிக்கொண்டு, முகத்தில் சிரிப்போடு குர்னோன்ஸ்கி உள்ளே நுழைந்தார். உட்கார்ந்த பிறகு எழுப்ப முடியவில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் பாரிஸ் உணவுச் சங்கங்கள் ஆண்களுடைய சங்கங்கள். 1912இல் தொடங்கிய 'நூறு பேர் கழகம்' அப்படித்தான் இருந்தது. குர்னோன்ஸ்கி தேடிப் போய்ப் பாராட்டிய சமையல் பெரும்பாலும் பெண்கள் கையால் ஆனது. அவர்களுக்கு மேசையில் இடமில்லை. 1929இல் பெண்கள் தங்களுக்கென்று 'செர்க்ள் தே கூர்மெத்' என்ற சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். இருபதாண்டு கழித்து அந்தச் சங்கத்தில்தான் அமெரிக்கப் பெண்மணி ஜூலியா சைல்டு தன் கூட்டாளிகளைச் சந்தித்தார். அமெரிக்க வீடுகளுக்குப் பிரெஞ்சுச் சமையலைக் கொண்டுபோன நூல் அந்தச் சந்திப்பிலிருந்து 1961இல் வந்தது. ஆண்கள் சபை தவறவிட்டதைப் பெண்கள் சங்கம் சாதித்தது.

ஐந்து கட்சிகள்

குர்னோன்ஸ்கியின் நகைச்சுவை எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒரு சான்று. சாப்பாட்டுப் பிரியர்களை அவர் நாடாளுமன்றக் கட்சிகளைப் போல ஐந்தாகப் பிரித்தார்.

தீவிர வலதுசாரிகள் மாளிகைச் சமையலின் பக்தர்கள். பேர்பெற்ற தலைமைச் சமையல்காரர், உயர்ந்த சரக்கு, நுணுக்கமான வேலைப்பாடு இவை இல்லாமல் இவர்களுக்கு இறங்காது. வலதுசாரிகள் மரபுக்காரர்கள். விறகடுப்பில் மெல்ல வெந்தால்தான் சமையல் என்பார்கள். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருக்கும் சமையல்காரி, தாத்தா காலத்து மது, தன் வீட்டைத் தவிர வேறெங்கும் வாய்க்கு ருசியாகக் கிடைக்காது என்ற பிடிவாதம். நடுநிலையாளர்கள் வீட்டுச் சமையலையும் வட்டாரச் சமையலையும் விரும்புகிறவர்கள். வெளியே சாப்பிட்டாலும் நன்றாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்வார்கள், ஆனால் வெண்ணெய் வெண்ணெயாக இருக்க வேண்டும். இடதுசாரிகளுக்கு ஆரவாரம் வேண்டாம். ஓர் ஆம்லெட், ஒரு துண்டு இறைச்சி, உள்ளூர் மது போதும். முதலாளியே நின்று சமைக்கும் சின்னக் கடையைத் தேடி ஊர் ஊராக அலைவார்கள். தீவிர இடதுசாரிகள் புதுமை விரும்பிகள். அயல்நாட்டுப் பண்டம், யாரும் கேள்விப்படாத சேர்க்கை, இதுவரை நாக்கு அறியாத சுவை என்று தேடிக்கொண்டே இருப்பார்கள்.

இது சிரிக்கவைக்கிறது. அதே நேரம் துல்லியமான பகுப்பும்கூட. இன்றும் எந்த ஊரில் உணவைப் பற்றிச் சண்டை நடந்தாலும் இந்த ஐவரில் இருவர்தான் மோதிக்கொள்கிறார்கள். எல்லாத் தரப்புக்கும் இடம் கொடுத்த இந்தப் பகுப்பில் ஒருவரைக்கூட அவர் இழிவுபடுத்தவில்லை. உணவு விமரிசனம் என்றாலே யாரையாவது குத்திக் காட்டுவது என்றாகிவிட்ட இன்றைய நிலையில் அந்தப் பெருந்தன்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவருடைய கொள்கையும் மிகச் சுருக்கமானது. எந்தப் பொருளைச் சமைத்தாலும் அது அதன் சொந்தச் சுவையோடு தட்டுக்கு வர வேண்டும். மீன் மீனாக இருக்கட்டும், சாறு அதை மூடி மறைக்க வேண்டாம்.

ஊர்களுக்கும் பட்டம் கொடுத்தார். லியோன் நகரத்தை உலக உணவுத் தலைநகர் என்று 1935இல் அவர் சொன்னது அந்த நகரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இன்றும் சுற்றுலாக்காரர்களை அந்தச் சொல்லைக் காட்டித்தான் அழைக்கிறார்கள். சொன்னது ஆதாரமில்லாமல் அல்ல. லியோனில் உணவகம் நடத்திய யூஜேனி பிராசியே 1933இல் தன் இரு கடைகளுக்கும் மும்மூன்று மிஷெலன் நட்சத்திரங்கள் பெற்றிருந்தார். பண்ணை வேலைக்காரியாக வாழ்க்கையைத் தொடங்கியவர் அவர்.

மெலனியின் கடை

பிரெத்தாஞ் கடற்கரையருகே ரியெக்-சூர்-பெலோன் என்ற ஊர். சிப்பிக்குப் பேர்போனது. அங்கே மெலனி ருவா என்ற பெண்மணி சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். குர்னோன்ஸ்கி அவர் கையால் சாப்பிட்டு எழுதியபின் அந்த ஊருக்குப் பாரிஸிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 1940இல் ஜெர்மன் படைகள் பாரிஸைப் பிடித்தபோது குர்னோன்ஸ்கிக்கு வயது 67. போக்கிடம் மெலனியின் வீடாக இருந்தது. ஆக்கிரமிப்புக் காலம் முழுவதும் அங்கேயே தங்கினார். எழுத்தாளர் சமையல்காரரைத் தூக்கிவிட்டார், சமையல்காரர் எழுத்தாளருக்குச் சோறு போட்டுக் காத்தார். இந்த உறவைவிட உயர்ந்த சான்றிதழ் ஓர் உணவு விமரிசகருக்கு வேறு கிடைக்குமா?

போர் முடிந்து திரும்பியவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. ஓய்வெடுக்கவில்லை. 1947இல் மதலேன் தெக்யூர் என்ற பெண்மணியுடன் சேர்ந்து 'க்விசின் ஏ வேன் தெ ஃபிரான்ஸ்' இதழைத் தொடங்கினார். பிரான்ஸின் சமையலும் மதுவும் என்று பொருள். அவருடைய சபையைவிட அதிக வீடுகளுக்குள் நுழைந்தது இந்த இதழ்தான். அதே பெயரில் 1953இல் லரூஸ் நிறுவனம் அவருடைய பெருநூலை வெளியிட்டது.

ஆள் மிகவும் பருமன். ஆனால் நாளுக்கு ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு என்பது அவர் பழக்கம். 1952இல் 80 வயது நிறைந்தபோது பாரிஸிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள 80 உணவகங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு காரியம் செய்தன. ஒவ்வொரு கடையிலும் அவர் விரும்பி அமரும் இடத்தில் அவர் பெயர் பொறித்த செப்புத் தகடு ஒன்றைப் பதித்தன. அந்த இடம் இளவரசருக்கு உரியது, அவர் எப்போது வந்தாலும் அந்தக் கடையின் கௌரவ விருந்தினர் என்பது அதன் செய்தி. விமரிசகர் உள்ளே வந்தால் நடுங்கும் கடைக்காரர்களைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். விமரிசகருக்கு நாற்காலி ஒதுக்கிக் காத்திருந்த 80 கடைகள் இருந்தன என்பது எழுதிவைக்க வேண்டிய செய்தி.

1956 ஜூலை 22 அன்று பாரிஸில் தன் குடியிருப்பின் சன்னலிலிருந்து கீழே விழுந்து இறந்தார். வயது 83. அவருடைய இலக்கிய, உணவு நினைவுக் குறிப்புகள் 1958இல் நூலாக வந்தன. பாரிஸின் 17ஆம் வட்டாரத்தில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் சூட்டியிருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களின் விருந்து முறையை யுனெஸ்கோ 2010இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அதற்கான வாதங்களில் பாதியை அவர் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்த 28 தொகுதிகளில் எழுதிவிட்டார்.

இந்த மலரை வாசிக்கும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். ரூஃபின் நாவலையும் குர்னோன்ஸ்கியின் நினைவுக் குறிப்புகளையும் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழில் கொண்டுவரக்கூடிய அறிஞர்கள் புதுச்சேரியில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையாவது இந்த வேலையில் இறக்கிவிடுங்கள். சமையற்கலை படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு நூல்களும் அவசியம்.